தக்காளி வாடலுக்கு என்ன வாங்கலாம், என்ன வேண்டாம்: நான் போட்டுப் பார்த்த பொருட்கள்

மாடித்தோட்டக்காரர்கள் யாராவது "தக்காளிச் செடி வாடுது, என்ன வாங்கி ஊத்தலாம்?" என்று கேட்டால் போதும், டிரைக்கோடெர்மா போடுங்க, சூடோமோனாஸ் ஊத்துங்க, வேப்பம் புண்ணாக்கு வைங்க என்று வரிசையாகப் பதில் வரும். முதல் இரண்டும் செடிக்கு உதவும் நுண்ணுயிரித் தூள்கள். இவை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கி கோவையில் எங்கள் மாடியில் பயன்படுத்தியிருக்கிறேன். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைத் தாங்கும் ரகத்து விதைக்குத்தான் முதல் மதிப்பெண். அடுத்தது வேப்பம் புண்ணாக்கு. டிரைக்கோடெர்மா நல்ல பொருள், ஆனால் நடுவதற்கு முன்பே மண்ணில் இருந்தால் மட்டும். செடி வாடிய பிறகு ஊற்றச் சொல்லி விற்கிற எந்த பாட்டிலுக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வாடலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் "வாடல்" என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது குறைந்தது நான்கு வேறு வேறு சங்கதி. ஒன்றுக்கு வாங்கிய பொருள் இன்னொன்றுக்கு உதவாது. மதியம் தொங்கி சாயந்தரம் நிமிர்ந்துவிட்டால் அது நோயே இல்லை, வெயில். ஒரு வாரமாக அடி இலைகள் மஞ்சளாகி, அதுவும் செடியின் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக மஞ்சளாகி, அப்புறம் மெல்ல மெல்ல மேலே ஏறினால் பெரும்பாலும் புசேரியம் என்ற பூஞ்சை. அடித்தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள், தோலுக்குக் கீழே பழுப்பு நிறக் கோடு ஓடும். நேற்று வரை பச்சைப் பசேல் என்று இருந்த செடி, இலை மஞ்சளாகக்கூட நேரமில்லாமல் அப்படியே துவண்டு விழுந்தால் பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா சோலனசீரம் என்ற கிருமி செய்வது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் பிடித்துக்கொண்டு சில நிமிடம் அசைக்காமல் பாருங்கள், வெட்டிய இடத்திலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கினால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது, மண்ணை ஒட்டிய தண்டில் பஞ்சு போல வெள்ளைப் பூசணம் படர்ந்து அதில் கடுகு கடுகாக உருண்டை இருந்தால் அது ஸ்கிளிரோசியம் என்ற இன்னொரு பூஞ்சை. நான்காவது, செடி ஒரேயடியாக வாடாமல் வளர்ச்சி நின்று, சோகையாக, எவ்வளவு உரம் வைத்தாலும் தேறாமல் நின்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, வேருக்குள் புகும் நுண்ணிய புழு.

இதில் எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கும் மருந்து. எங்கள் பக்கத்தில் ஒரு நர்சரியில் எனக்கு நடந்தது இதுதான். வாடிய செடியின் போட்டோவை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இத ஊத்துங்க்கா, எல்லா வாடலும் நின்னுரும்" என்று ஒரு லிட்டர் பாட்டில் எடுத்து வைத்தார். பாட்டிலில் உள்ளே என்ன உயிரி என்று இல்லை, எத்தனை உயிரணு என்று இல்லை, தயாரித்த தேதி இல்லை, பதிவு எண் இல்லை, ஒரு சிவப்புத் தக்காளிப் படம் மட்டும் இருந்தது. "அண்ணா, தேதியே போடலையே?" என்று கேட்டதற்கு "இயற்கைதானுங்க, கெட்டெல்லாம் போகாது" என்றார். உயிருள்ள நுண்ணுயிரி என்றால் அது சாகத்தான் செய்யும். கெட்டே போகாது என்றால் உள்ளே உயிர் இல்லை என்று அர்த்தம். அந்த பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், நீங்களும் அதையே செய்யுங்கள். புசேரியமோ ரால்ஸ்டோனியாவோ தண்டுக்குள் போய்த் தண்ணீர்க் குழாயை அடைத்த பிறகு வெளியிலிருந்து ஊற்றி அதைத் திறக்கிற மருந்து இன்றைக்கு வீட்டுத் தோட்டக்காரருக்குக் கிடையாது. செடியை வேரோடும் வேரை ஒட்டிய மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்த வேண்டியதுதான். மட்கு தொட்டியில் போட்டுவிடாதீர்கள், வீட்டுத் தொட்டியில் அந்தக் கிருமி சாகும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை.

சரி, டிரைக்கோடெர்மா விரிடிக்கு வருவோம். இதைப் பற்றித்தான் ஏராளமான பேர் "போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் பொருள் மேல் மட்டும் குற்றமில்லை. இது ஒரு நல்ல பூஞ்சை. கெட்ட பூஞ்சையின் இழை மேல் சுற்றிக்கொண்டு அதைத் தின்னும், வேரைச் சுற்றி இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை வரவிடாது. இடத்தைப் பிடிக்க அதற்கு நாள் வேண்டும், சாப்பாடு வேண்டும், ஈரம் வேண்டும். பாக்கெட்டைப் பிரித்து உச்சி வெயிலில் காய்ந்த மண்மேல் தூவினால் அது என்ன செய்யும்? நான் செய்யும் முறை இது: நன்றாக மட்கிய தொழு உரம் பத்து கிலோவுக்கு 100 கிராம் தூள், கையால் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, அந்த அளவுக்கு ஈரம், நிழலில் குவித்து நனைத்த சாக்கால் மூடி இரண்டு வாரம் வரை விடுகிறேன், நடுவில் ஓரிரு முறை கிளறி விடுவது உண்டு. வெள்ளையாகப் படர்ந்து பிறகு கரும்பச்சையாக மாறினால் தூள் உயிரோடுதான் இருந்திருக்கிறது. எதுவுமே படரவில்லை என்றால் செத்த தூளை வாங்கி வந்திருக்கிறீர்கள், அதை மண்ணில் போட்டுவிட்டு நம்பிக்கையோடு காத்திருக்க வேண்டாம். கிளறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், வித்துகள் புகை மாதிரி எழும்பும்.

வாங்கும்போது பாக்கெட்டில் பார்க்க வேண்டியது பிராண்ட் பெயரை விட மூன்று விஷயம். ஒன்று, கிராமுக்கு எத்தனை உயிருள்ள வித்துகள் என்ற எண். சி.எஃப்.யூ என்று போட்டிருப்பார்கள். டிரைக்கோடெர்மாவுக்கு இந்திய விதிப்படி கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் இருக்க வேண்டும், சூடோமோனாஸுக்கு 10 கோடி. இரண்டு, தயாரித்த தேதி. டால்க் பொடியில் கலந்து வருபவை மாதங்கள் போகப் போக பலம் குறையும். காலாவதி தேதிக்கு இன்னும் நாள் இருந்தாலும் நான் புதிதாக வந்த பாக்கெட்டைத்தான் கேட்டு வாங்குகிறேன். மூன்று, கடையில் அது எங்கே இருக்கிறது. கண்ணாடி ஷோகேஸில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருக்கிற கடையில் நல்ல கம்பெனிப் பொருளும் வீண்தான்.

இந்த மூன்றிலும் எனக்கு நம்பிக்கையாக இருப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கோவையில் இருப்பவர்களுக்கு லாலி ரோடு வரை போய்வரும் தூரம்தான். பயிர் நோயியல் துறையில் தயாராகிற டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் தேதியோடு கிடைக்கும், பகட்டான பாக்கெட் இல்லை, தேவையானது எல்லாம் அச்சடித்திருக்கும். வெளியூர்க்காரர்கள் உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். கூரியரில் வாங்குவதற்கு நான் எதிரி இல்லை, ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் மூடிய வேனில் நாலு நாள் வெந்து வரும் தூளில் எத்தனை உயிர் மிச்சம் இருக்கும் என்று யோசியுங்கள். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தளையிலும் (அதாவது கிட்), பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகளோடு ஒரு பாக்கெட் டிரைக்கோடெர்மா வைத்திருந்தார்கள். பலர் வீட்டில் அது பிரிக்காமலேயே அலமாரியில் கிடக்கிறது. பழைய பாக்கெட் கையில் இருந்தால் மேலே சொன்ன மாதிரி கொஞ்சம் தொழு உரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. டிரைக்கோடெர்மா போட்ட பையில் காப்பர் மருந்து, கார்பன்டாசிம் மாதிரி பூஞ்சைக்கொல்லியை ஊற்றாதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதும் பூஞ்சைதான்.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நல்ல பாக்டீரியாவைப் பற்றி அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. நாற்று விடும் கட்டத்தில் எனக்கு இது ரொம்பப் பிடித்த பொருள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. வீட்டில் ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு சிட்டிகைத் தூள், கொஞ்சம் ஈரத்தோடு புரட்டி நிழலில் உலர்த்தி விதைத்தால் போதும். குழித்தட்டில் நாற்று முளைத்ததும் கழுத்து மெலிந்து மடங்கி விழும் நாற்றழுகலுக்கு இது நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் நாற்றழுகலில் பாதிக் குற்றம் தண்ணீர் மேல்தான். நெருக்கமாக விதைத்து, தினமும் இரண்டு வேளை ஊற்றி, காற்றோட்டம் இல்லாமல் மூடி வைத்தால் எந்தத் தூளும் காப்பாற்றாது. பெரிய செடிக்கு வேரில் ஊற்றுவதால் பாக்டீரியா வாடல் நிற்கும் என்று விற்கிறார்கள். வராமல் தள்ளிப்போட ஓரளவு உதவும், வந்த செடியை எழுப்பாது.

வேப்பம் புண்ணாக்குக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன். நூற்புழுவுக்கு வீட்டளவில் சாமானியர் வாங்கக்கூடிய பொருட்களில் இதற்கு இணை இல்லை, கூடவே நூற்றுக்கு ஐந்து பங்கு வரை தழைச்சத்தும் கிடைக்கிறது, அதாவது உரத்துக்குக் கொடுக்கிற காசில் மருந்தும் வந்துவிடுகிறது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பெரிய பைக்கு இரண்டு கைப்பிடி அளவில் மண்ணோடு நன்றாகக் கலந்து ஈரம் காயாமல் விட வேண்டும். அன்றைக்கே கலந்து அன்றைக்கே நாற்று நட்டால், புண்ணாக்கு நொதிக்கும்போது வருகிற சூட்டில் பிஞ்சு வேர் கருகும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். வாங்கும்போது மோந்து பாருங்கள். அந்தக் கசப்பு நெடி முகத்தில் அடிக்க வேண்டும். நெடியே இல்லாமல் மரத்தூள் மாதிரி இருந்தால் எண்ணெய் முழுக்க எடுத்த சக்கையாகவோ வேறு ஏதோ கலந்ததாகவோ இருக்கும். நர்சரியில் அரைக் கிலோ டப்பாவில் அழகாக விற்பதை விட, செக்கு ஆட்டும் இடத்திலோ விவசாயிகள் வாங்கும் உரக்கடையிலோ மூட்டையிலிருந்து எடுத்துத் தருவது விலையும் குறைவு, சரக்கும் நன்றாக இருக்கும்.

நூற்புழுவுக்கென்றே பர்ப்பூரியோசிலியம் லைலசினம் என்ற பூஞ்சைத் தூளும் விற்கிறார்கள். பழைய பெயர் பேசிலோமைசிஸ், பல பாக்கெட்டில் அந்தப் பெயரே இருக்கும். நூற்புழுவின் முட்டைகளைத் தாக்குவது இதன் வேலை. வேப்பம் புண்ணாக்கோடு சேர்த்துத் தொழு உரத்தில் பெருக்கிப் போட்டபோது எங்கள் மாடியில் வேர் முடிச்சு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது, ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டதால் பெருமை எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பத்து பைக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் இதற்குச் செலவு செய்யாமல், முடிச்சு வந்த பையில் இரண்டு மாதம் செண்டுமல்லியை அடர்த்தியாக வளர்த்துவிட்டு அப்புறம் தக்காளிக்கு வரலாம். அதன் வேரில் இருக்கும் ஆல்ஃபா டெர்தியெனில் என்ற பொருள்தான் நூற்புழுவுக்கு ஆகாதது. தக்காளிக்குப் பக்கத்தில் அழகுக்கு ஒரு செண்டுமல்லி வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது, அந்த மண்ணிலேயே அது பயிராக நிற்க வேண்டும். வெண்டை, கத்தரி, பாகல் எல்லாம் நூற்புழுவுக்குப் பிடித்தமான பயிர்கள், அதனால் தக்காளி எடுத்த பையில் அவற்றை மாற்றி வைப்பதைப் பயிர் சுழற்சி என்று நினைக்காதீர்கள். வாடல் வந்த பைக்கும் அதே கதைதான். கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் தக்காளியின் பங்காளிகள். சின்ன வெங்காயம் போடுங்கள்.

இனி விதை. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பின ரகம். நிலையத்தின் இணையதள விதைக்கடையிலேயே பணம் கட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில நேரம் இருப்பு இல்லை என்று காட்டும், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், அதுதான் ஒரே சிரமம். முளைப்பு நன்றாக இருந்தது. காய் சதைப்பற்றாக, கெட்டியான தோலோடு, ஒவ்வொன்றும் 90, 100 கிராம் வரும். ரசத்துக்கு நம் பெரியகுளம் பி.கே.எம் 1 ரகம் கொடுக்கும் புளிப்பு இதில் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பக்கத்துப் பையில் செடி துவண்டு விழுந்த அதே மாடியில் இது கடைசி வரை நின்று காய்த்தது. கலப்பினம் என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த முறை போட்டால் அதே குணம் வராது, ஒவ்வொரு பருவமும் வாங்க வேண்டும்.

விதை எடுத்து வைக்க விரும்புகிறவர்களுக்கு அதே நிலையத்தின் அர்கா ஆபா, அர்கா ஆலோக் இருக்கின்றன, இரண்டும் பாக்டீரியா வாடலைத் தாங்கும் சாதா ரகங்கள். பாலக்காடு தாண்டினால் கேரளத்தின் புளிப்பு மண்ணில் இந்த வாடல் பெரும் தொல்லை. அதனால்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா என்று வரிசையாக இதற்கே ரகம் எடுத்தது. அங்கே சொந்தபந்தம் இருப்பவர்கள் ஒரு பாக்கெட் சொல்லி வையுங்கள். ஆனால் கவனம்: அர்கா ரக்ஷக் என்றால் எல்லா வாடலும் தாங்கும் என்று இல்லை. உங்கள் மாடியில் இருப்பது நூற்புழு என்றால் அதற்குத் தாங்கும் ரகம் வேறு, ஹிசார் லலித் மாதிரி. தனியார் விதை பாக்கெட்டில் எஃப் என்ற எழுத்து இருந்தால் புசேரியத்தையும், என் என்ற எழுத்து இருந்தால் நூற்புழுவையும் தாங்கும் என்று அர்த்தம். அந்த நூற்புழு எதிர்ப்பும் மண் சூடு 28 டிகிரிக்கு மேல் போனால் தளர்ந்துவிடும் என்பதால் நம் ஊர்க் கோடையில் அதை முழுசாக நம்ப வேண்டாம். டம்ளர் சோதனை, வேர் சோதனை என்று மேலே நான் அவ்வளவு நீட்டியது இதற்காகத்தான். எந்த விதை வாங்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

தயார் மண்கலவை மூட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நோயில்லாத மண்" என்று ஒட்டி விற்கிறார்கள். ஒரு கடையில் வாங்கிய மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் அதில் முடிச்சு விழுந்த வேர்த்துண்டுகளே இருந்தன, ஏதோ காய்கறிக் காட்டு மேல்மண்ணை அள்ளிக் கலந்திருக்கிறார்கள். திருப்பிக் கொண்டுபோனதற்கு "மண்ணுன்னா வேர் இருக்கத்தானுங்க செய்யும்" என்ற பதில்தான் கிடைத்தது. அதற்கப்புறம் மூட்டை வாங்குவதை விட்டுவிட்டேன். காய்கறி பயிரிடாத இடத்துச் செம்மண், கழுவிய நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் தனித்தனியாக வாங்கிக் கலப்பது மலிவு, பாதுகாப்பு. நார்க்கழிவைப் பாதிக்கு மேல் போடாதீர்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாம் தினமும் ஊற்ற, வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், அதையும் நாம் வாடல் நோய் என்றுதான் சொல்லுவோம்.

பழைய மண்ணை வீசவும் வேண்டாம். நான் வாங்கியதிலேயே மிகக் குறைந்த விலையில் மிக அதிகம் பயன் கொடுத்தது கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற மெல்லிய பாலித்தீன் ஷீட். கத்திரி வெயில் தொடங்கும்போது பைகளைக் கவிழ்த்து, மண்ணை மாடித்தளத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மிகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, ஷீட்டை இழுத்து மூடி ஓரங்களில் செங்கல் வைத்துவிட வேண்டும். நாலு முதல் ஆறு வாரம். இஸ்ரேலில் 1976-இல் காட்டன் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் வெளியிட்ட முறை இது. வயலில் சூடு மேல்மண்ணோடு நின்றுவிடும், மாடியில் அடியில் கான்கிரீட்டும் கொதிப்பதால் மண் முழுக்க வேகிறது. கறுப்பு ஷீட் வாங்காதீர்கள், அது வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு மண்ணுக்கு விடுவதில்லை. மண் காய்ந்திருந்தாலும் பலன் பாதிதான், ஈரத்தில்தான் சூடு உள்ளே இறங்கும். இப்படி வெந்த மண்ணில் நல்லது கெட்டது இரண்டும் குறைந்திருக்கும் என்பதால், ஷீட்டை எடுத்ததும் டிரைக்கோடெர்மா பெருக்கிய தொழு உரத்தைக் கலந்துவிடுங்கள். அந்தத் தூள் தன் முழு வேலையைக் காட்டுவது அப்போதுதான், போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அது முதலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கிடைத்தால் உடனே வாங்குவேன் என்று நான் காத்திருக்கும் ஒன்று, கத்தரி வேரில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் இ.ஜி 203 போன்ற கத்தரி வேர்களைப் பாக்டீரியா வாடலுக்கும் மழைத் தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் பரிந்துரைத்துப் பல வருடம் ஆகிறது. வாரணாசியில் இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிலையம் ஒரே கத்தரி வேரில் கத்தரியும் தக்காளியும் காய்க்கவைத்து பிரிமேட்டோ என்று பெயரும் வைத்தார்கள். விவசாயிகளுக்கு ஒட்டு நாற்று ஆயிரக்கணக்கில் ஆர்டர் எடுத்துத் தருகிறார்கள், வீட்டுக்கு ஐந்து நாற்று கேட்டால் தருவதற்கு நான் விசாரித்த நர்சரி எதுவும் முன்வரவில்லை. கோவை, திருப்பூர் பக்கம் யாராவது சில்லறையில் விற்றால் சொல்லுங்கள், நாற்றுக்கு இருபது ரூபாய் கேட்டாலும் வாங்கிக்கொள்கிறேன்.